மீட்டர் எண்ணாத தூரம்

சுருளிவேல் தன் ஜீப்புக்குப் பெரிய டயர் மாட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து, அந்த ஜீப்பில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போய்வந்த பெண்களுக்கு மட்டும் அவரவர் வீடு தூரமாகிப்போனது. மற்றவர்களுக்கு வீடுகள் இருந்த இடத்தில்தான் இருந்தன. எங்கள் ஊரான ஊமைக்கரட்டின் பொதுத்திடலில், மந்தையில், ஜீப் வந்து நிற்கும். அங்கிருந்து எங்கள் தெரு, கூப்பிட்டால் காது கேட்கிற தூரம். டீக்கடையில் கிளாசைக் கழுவி ஊற்றினால் தண்ணீர் எங்கள் வாசலுக்கு ஓடிவரும். அந்த இத்துனூண்டு இடத்தைக் கடக்கத்தான் என் அக்கா பொம்மக்காளுக்குப் பொழுது முழுசாகச் சாய்ந்து விளக்கு வைக்கும் நேரம் ஆயிற்று.

டயர் மாட்டியதில் யாருக்கும் குறை கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போடி மலைப்பாதையில் ஏறி, எல்லை தாண்டி, தார் முடிந்து தோட்டத்து மண்பாதை ஆரம்பிக்கிற இடத்தில், மழைக்காலமானால் ஜீப் சேற்றில் உட்கார்ந்துவிடும்; உடனே சுருளிவேல் திரும்பிப் பார்க்காமலே, "இறங்குங்க தாயி, ஒரு கை குடுங்க" என்பார்; பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் அத்தனை பேரும் இறங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளுவார்கள்; சக்கரம் வாரியடித்த சேறு முகத்தில் காய்ந்தபடியே செடிக்கடியில் குனிந்து காய் எடுக்கத் தொடங்குவார்கள். அதற்காகத்தான் அவர் கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த, தொடை உயர டயர்கள் நாலு மாட்டினார். ஜீப் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. சேறு அதற்குச் சேறாகவே தெரியவில்லை. முதல் நாள் பெண்களே அதற்கு மாலை போட்டார்கள்.

ஆனால் ஜீப்பின் மீட்டருக்குக் கண் கிடையாது. ரோட்டை அது பார்த்ததே இல்லை. கியர் பெட்டியின் அடியில் ஒரு சின்னப் பல்சக்கரம் சுற்றுகிறது, அது ஒரு கம்பியைச் சுற்றுகிறது, கம்பி மேலே வந்து முள்ளைத் தூக்குகிறது, எண்ணை உருட்டுகிறது; இத்தனை சுற்றுக்கு இத்தனை தூரம் என்று பிறந்தபோது யாரோ சொல்லிக்கொடுத்ததை அது இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறது. பெரிய சக்கரம் ஒரு சுற்றில் கூடுதலாகத் தாவிவிடும் என்பது அதற்குத் தெரியாது. பத்து ஓடினால் ஒன்பது என்றது. அந்தப் பத்தாவது எங்கே போயிற்று என்று உலகத்தில் வேறெங்கும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எங்கள் ஊரில், போகும்போது விட்டுப்போனதும் வரும்போது விட்டுப்போனதும் சேர்ந்து, சாயங்காலம் பெண்களின் காலடியில் வந்து விழுந்தது.

முதல் சாயங்காலம் அக்கா ஜீப்பை விட்டு இறங்கினாள். வாசலில் மாமா மூக்கையா, பத்து மாதப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அவள் நடந்தாள். தெரிகிறாள், நடக்கிறாள், கை வீசுகிறாள், வந்து சேரவில்லை. கட்டைவிரல் அளவுக்கு இருந்தாள், பிறகு சாண் அளவுக்கு ஆனாள். அவளைப் போலவே மந்தையெங்கும் பெண்கள் சின்னச் சின்னதாக அவரவர் வாசலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள், அவர்களுக்கு இடையில் புகுந்து ஒரு ஆடும் ரெண்டு சைக்கிளும் சாதாரணமாகப் போய்விட்டன. அக்கா படியேறியபோது அடுப்பில் வைத்த சோறு குழைந்திருந்தது. "எங்கடி சுத்திட்டு வர்றே?" என்று மாமா கேட்டார். "மந்தையில இருந்துதான் வர்றேன். கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்றாள் அக்கா.

நான் பரீட்சை லீவில் மதுரையிலிருந்து வந்திருந்தேன். அடுத்த நாள் நான் மந்தைக்கே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்; பத்தடி வைப்பதற்குள் நான் வாசலில் நின்றேன், உள்ளங்கையில் அவள் வளையலின் சூடு மட்டும் இருந்தது, அவள் தூரத்தில் வந்துகொண்டிருந்தாள். மறுநாள் பிள்ளையை ஜீப்புக்கே தூக்கிக்கொண்டு போனேன். பின்சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தது தெரிந்தது, நீட்டிய பிள்ளை எட்டவில்லை. ஜீப்பில் போய்வராத எவராலும் அவர்களைத் தொட முடியவில்லை, அவர்கள் தாமாக நடந்து முடிக்கிறவரை. ஸ்டியரிங் பிடித்த சுருளிவேலுக்கு மட்டும் தூரம் ஒட்டவில்லை. அவர் இறங்கி, மூன்று எட்டு வைத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். இதற்கு என்ன நியாயம் என்று நான் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதுதான் எனக்கு ஆறவேயில்லை. ஊர் சங்கடப்படவில்லை, பயப்படவும் இல்லை. பழகிக்கொண்டது. டீக்கடைக்காரர் கூடுதலாக ஒரு பெஞ்சு போட்டார், ஆண்கள் அதில் உட்கார்ந்து யார் பெண்டாட்டி முதலில் வந்து சேர்வாள் என்று பந்தயம் கட்டினார்கள். மாமியார்கள் உலை வைக்கும் நேரத்தைத் தள்ளிவைத்தார்கள், சோறு பரிமாறும் வேலையைத் தாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை, அது மருமகளுக்கு என்று காத்திருந்தது. ஊசி போட வந்த நர்ஸம்மா, நடந்தால் சுகர் வராது என்று சொல்லிவிட்டுப் போனார். தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் டேப்போடு வந்து, மந்தையிலிருந்து எங்கள் படிவரை தரையில் பிடித்து அளந்து, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, பெண்களுக்கு ரத்தம் குறைவாக இருக்கலாம் என்றார். இளைஞர் மன்றத்துக்காரர்கள் நல்ல மனசோடு, நடுவழியில் தாகமெடுக்குமே என்று தண்ணீர்ப் பந்தல் வைக்க வந்தார்கள்; நடுவழி எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, தெருவில் எங்கே வைத்தாலும் அது ஒன்று மந்தையாக இருந்தது அல்லது யாரோ ஒருவர் வாசலாக இருந்தது; கடைசியில் எங்கள் வாசலிலேயே வைத்தார்கள். வீட்டுக்குள் தண்ணீர் இருக்கிறது என்று நான் சொன்னேன். "நல்லது செஞ்சாலும் குத்தம் சொல்லுது பாரு இந்தக் காலேஜு" என்றார்கள்.

பெண்களிலும் எல்லாரும் ஒரே மாதிரி நினைக்கவில்லை. காமுத்தாய்க்கு அந்த நடை பிடித்துப்போயிற்று. வீட்டில் நாலு ஆம்பளைகளுக்கு ஆக்கிப்போடுகிறவள் அவள். "யாரும் கூப்பிட்டாக் காது கேக்காத எடம் எனக்கு இதுதாண்டி" என்றாள் என்னிடம். "பாட்டுப் பாடிக்கிட்டு வர்றேன். இதையும் புடுங்கணுமா?" நான் அவளோடு வாதாடினேன், ஓய்வு என்பது யாரோ தவறுதலாகப் போட்ட பிச்சையாக இருக்கக் கூடாது என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ வந்து நாலு நாளு அந்த வீட்டுல ஆக்கிப்போடு, அப்புறம் பேசு" என்றாள்.

ஆனால் பொம்மக்காளுக்குப் பிள்ளை இருந்தது.

விடியும்போது அது தூங்கிக்கொண்டிருக்கும், அவள் வந்து சேரும்போது மறுபடி தூங்கிப்போயிருக்கும். நடுவில், சாயங்காலம் முழுக்க, யார் இடுப்பிலாவது உட்கார்ந்துகொண்டு தெருவைப் பார்க்கும். தெருவில் அம்மா சின்னதாக வந்துகொண்டிருப்பாள். "அந்தா பாரு அம்மா, அந்தா, அந்தா" என்று மாமா காட்டுவார், நான் காட்டுவேன், போகிற வருகிறவர்கள் எல்லாம் காட்டுவார்கள். பிள்ளைக்குப் பேச்சு வந்தது. அப்பாவை அப்பா என்றது. என்னைச் சித்தி என்று சொல்லப் பார்த்து 'த்தி' என்றது. அம்மாவை 'அந்தா' என்றது. அதுதான் அவள் பெயர் என்று நினைத்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலையில்லாத நாள், பக்கத்தில் படுத்திருந்தவளை அது தொட்டுப் பார்த்துவிட்டு, வாசலுக்குத் தவழ்ந்துபோய்த் தெருவைப் பார்த்து 'அந்தா' என்று கூப்பிட்டது. கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தது.

பொம்மக்காள் எழுந்தாள். முகத்தைக் கழுவினாள், சேலையை உதறிக் கட்டினாள், நேரே ஜீப் ஸ்டாண்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

சுருளிவேல் ஜீப்பின் பம்பரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களும் இருந்தார்கள்.

"அண்ணே," என்றாள் அக்கா, "மீட்டரைத் திருத்தணும்."

மற்ற டிரைவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏனென்றால் அது அங்கே சொல்லக் கூடாத வார்த்தை. முன்னொரு காலத்தில் அந்த ஸ்டாண்டு டிரைவர் ஒருவர் மீட்டரைப் பின்னுக்குத் திருப்பி, கிழட்டு ஜீப்பை இளசு என்று விற்று, வாங்கியவர் மந்தையில் வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனதிலிருந்து, டிரைவர்கள் எல்லாரும் ஸ்டாண்டுக் கருப்பசாமி முன்னால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார்கள்: எந்தக் காலத்திலும், எந்த வண்டியிலும், மீட்டரைத் திருத்த மாட்டோம். புதிதாக ஸ்டாண்டில் சேர்கிற ஒவ்வொருவரும் அதையே செய்தார்கள். எல்லார் உள்ளங்கையிலும் அந்தக் காசளவு தழும்பு இருந்தது.

"தாயி," என்றார் சுருளிவேல், கையை விரித்துக் காட்டி, "பெத்த பிள்ளை மேல அடிச்ச சத்தியம் மாதிரி இது. கேக்காத."

நான் புகுந்தேன். "திருத்துறதுன்னா ரெண்டு அர்த்தம் இருக்குண்ணே. உண்மையைப் பொய்யாக்குறதும் திருத்துறதுதான், பொய்யை உண்மையாக்குறதும் திருத்துறதுதான். வாத்தியார் பரீட்சைப் பேப்பரைத் திருத்துறாரே, அது களவா?"

அவர் யோசித்தார். அவசரப்படாமல் யோசித்தார். "வாத்தியார் திருத்துனாத் திருத்தம். எழுதுன பையனே திருத்துனாக் களவு. வண்டிக்கு நான் வாத்தியாரா, பையனா? நீயே சொல்லு."

ஸ்டாண்டு முழுக்கச் சிரித்தது. நல்ல வாதம் அது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

"சரிண்ணே, ஒரு நாள் பின்சீட்டுல உக்காந்து வாங்க," என்றாள் அக்கா. "வந்துட்டு அந்த மீட்டரு உண்மை சொல்லுதுன்னு அதே சாமி முன்னால சொல்லுங்க. நான் வாயை மூடிக்கிறேன்."

சுருளிவேல் ரோஷக்காரர். மறுநாள் வேறொரு டிரைவரை வைத்து ஓட்டச் சொல்லிவிட்டு, பெண்களுக்கு நடுவே பின்சீட்டில் இடித்துப்பிடித்து உட்கார்ந்து மலைக்குப் போய், சாயங்காலம் திரும்பி வந்து இறங்கினார். டீக்கடை மூன்று எட்டில் இருந்தது. அவர் நடந்தார், சின்னதாக, வியர்த்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு.

ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன். நடந்தது என்ன தெரியுமா? ஊரே திரண்டு வந்தது. "அண்ணன் நடக்காருப்பா" என்று விசில் அடித்தார்கள், ஓடிப்போய்க் கலர் சோடா உடைத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள், அவர் பெஞ்சைத் தொட்டதும் துண்டு போர்த்தினார்கள், ஒருவர் காலைக்கூடப் பிடித்துவிட்டார். அதே மந்தையில், அதே நேரத்தில், அவர் கூடவே இறங்கிய பெண்கள் அவருக்குப் பின்னால் இன்னும் நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு தலைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. சுருளிவேல் சோடாவைக் குடித்து ஏப்பம் விட்டு, "நடை ஒண்ணும் மோசமில்லப்பா. ஒடம்புக்கு நல்லதுதான்" என்றார். சொல்லிவிட்டு, எதற்கோ, பின்னால் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். சோடா பாட்டிலைக் கீழே வைத்தார்.

ஆனாலும் சத்தியம் சத்தியம்தான். அக்கா வந்து சேர்ந்ததும் அவர் எழுந்து நின்று, "தப்புத்தான் தாயி, மீட்டரு பொய்தான் சொல்லுது. ஆனா என் கையால முடியாது" என்றார். "சக்கரத்தை வேணும்னாப் பழசையே மாட்டிர்றேன்."

"மறுபடி சேத்துல தள்ளுறதுக்கா? டயரு இருக்கட்டும்ண்ணே. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. சத்தியம் பண்ணும்போது எங்களைக் கூப்பிட்டீகளா?"

"பொம்பளைகளை எதுக்குக் கூப்பிடணும்? அது டிரைவருக சத்தியம்ல?"

"அப்பச் சரி" என்றாள் பொம்மக்காள்.

நான் மறுநாளே போடிக்குப் பஸ் ஏறினேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், மீட்டரைச் சுற்றுகிற பல்சக்கரம் பழையது இருபது பல், எனக்குப் பதினெட்டுப் பல் வேண்டும் என்றேன். பல் குறைந்தால் அந்தப் பல்சக்கரம் வேகமாகச் சுற்றும், மீட்டர் பத்தைப் பத்து என்று சொல்லும். கடைக்காரர், "டிரைவரை வரச் சொல்லுங்க பாப்பா" என்றார். டிரைவருக்கு இல்லை என்றேன். "பின்னே யாருக்கு?" "எங்க அக்காவுக்கு." "அக்காவுக்கு எதுக்குப் பல்லு?" "கடிக்கிறதுக்கு" என்றேன். அவர் எடுத்துக் கொடுத்துவிட்டார். எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்றும் ஒரு தடவை காட்டினார். வெள்ளையாக, சுண்டுவிரல் நீளத்தில், குழந்தைக்கு விளையாடக் கொடுக்கிற சாமான் மாதிரி இருந்தது அது.

மறுநாள் நானும் ஜீப்பில் ஏறினேன். தோட்டத்தில் சாப்பாட்டு நேரத்தில், ஜீப் பலாமரத்தடியில் நின்றபோது, பொம்மக்காள் ஏலக்காய்ச் சாக்கு ஒன்றை விரித்து, முந்தானையைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மல்லாக்க வண்டிக்கு அடியில் நகர்ந்து போனாள். மற்ற பெண்கள் வண்டியைச் சுற்றி நின்றார்கள். ஸ்பேனரை எடுத்துக் கொடுக்க அடியில் குனிந்தது காமுத்தாய்.

"உனக்குத்தான் நடை வேணுமே" என்றேன்.

"எனக்கு வேணும்னா நான் கம்மாயைச் சுத்திக்கிட்டு வருவேன். என் இஷ்டம் அது" என்றாள். "அதுக்காக இவ பிள்ளை அம்மாவைப் பாக்க வேணாமா?"

சுருளிவேல் கை கழுவிவிட்டு வந்தார். பார்த்தார். "தாயி, என்ன செய்யுற?"

"திருத்துறேன்" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"சத்தியம்..."

"நாங்க பண்ணலையேண்ணே. எங்களைத்தான் கூப்பிடலையே."

அவர் தழும்பைப் பார்த்துக்கொண்டார். "வண்டி என்னுது தாயி."

"வண்டி உங்களுது. தூரம் எங்களுது."

சுருளிவேல் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார், தன்னையறியாமல்கூடத் தொட்டுவிடக் கூடாது என்று. அப்படியே ஒதுங்கி நின்றார். அடியில் இரும்பு வழுக்கும் சத்தம் கேட்டது. மறுபடி வழுக்கியது. அக்காவின் நெற்றியில் ஆயில் சொட்டியது. அவர் ஒரு எட்டு முன்னால் வைத்தார், ஒரு எட்டுப் பின்னால் வைத்தார்.

"எடப்பக்கம் திருப்புனாத்தான் கழலும்" என்றார் கடைசியில், வானத்தைப் பார்த்து. "யாருக்கும் சொல்லலை. சும்மா சொல்லுறேன்."

கழன்றது.

"கம்பியோட முனை சதுரமா இருக்கும், அது குழிக்குள்ள உக்காரணும். அமுக்கக் கூடாது. தடவிப் பாத்தாத் தெரியும். நான் பாட்டுக்குப் பேசுறேன்."

உட்கார்ந்தது. பொம்மக்காள் வெளியே வந்தபோது முகம் பாதி கறுப்பாக இருந்தது. காமுத்தாய் துடைக்க வந்தாள், அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டு, "முதல்ல ஓடட்டும்" என்றாள்.

இறக்கத்தில் அக்கா முன்சீட்டில் உட்கார்ந்து மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தாள், நாங்கள் பின்னாலிருந்து கிலோமீட்டர் கல்லைப் பார்த்துக்கொண்டு வந்தோம். ஒரு கல் வந்ததும் நாங்கள் "கல்லு" என்றோம், "உருண்டுச்சு" என்றாள் அவள். அடுத்த வளைவு, அடுத்த கல். "கல்லு." "உருண்டுச்சு." மலை முழுக்க, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும், இறங்க இறங்க, காடு திறந்து வாழைத்தோப்பும் ஊர்களும் தெரிகிறவரை, அதையே சொல்லிக்கொண்டு வந்தோம், எதிரே ஏறி வந்த பஸ்காரர்கள் ஏதோ சாமிப் பாட்டு என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். "வண்டிக்கு வயசு இனிமே ஒழுங்கா ஏறும்" என்றார் சுருளிவேல், யாரிடமும் இல்லாமல். சொன்னபோது முகத்தில் வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

மந்தையில் ஜீப் நின்றது. பெண்கள் இறங்கினார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் பந்தயம் கட்ட வாயெடுப்பதற்குள் எல்லாரும் அவரவர் வீட்டில் இருந்தார்கள். பொம்மக்காள் மட்டும் நீண்ட நடைக்குப் பழகிய காலை நிறுத்தத் தெரியாமல், தன் வாசலையும் தாண்டி, தெருக்கோடிவரை போய், அங்கிருந்து திரும்பி ஓடி வந்தாள். ஆயில் வழிந்த முகத்தோடு, மூச்சு வாங்க, பிள்ளைக்கு முன்னால் வந்து நின்றாள்.

பிள்ளை வீறிட்டது. இவ்வளவு பெரிய அம்மாவை வேலைநாள் சாயங்காலத்தில், வெளிச்சத்தில், இவ்வளவு பக்கத்தில் பார்த்தது அதற்கு மறந்தே போயிருந்தது. மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவளுடைய தோளுக்கு மேலாகத் தெருவை எட்டிப் பார்த்தது. அந்தச் சின்ன அம்மாவை, சாண் அளவு அம்மாவை, தினமும் தனக்குக் கை வீசுகிறவளைத் தேடியது. தெரு காலியாக இருந்தது. விரலை நீட்டி அதைக் காட்டிக் காட்டி அழுதது.

"முகத்தைக் கழுவிட்டு வா, பயந்துருச்சு" என்றார் மாமா. "கொஞ்சம் தள்ளி நில்லு."

"தள்ளி நிக்கிறதா? நானா?" என்றாள் பொம்மக்காள்.

பிள்ளையை வாங்கினாள். அது உதைத்தது, முடியைப் பிடித்து இழுத்தது, முதுகை வில்லாக வளைத்தது. அவள் படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, "அழு, நல்லா அழு" என்று அதன் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். தெருவைக் காட்டிக்கொண்டிருந்த அந்த விரலைப் பிடித்து, மெதுவாகத் திருப்பி, ஆயில் காயாத தன் மூக்கின் மேல் வைத்து, எடுக்க விடாமல் அமுக்கிக்கொண்டாள்.